ஓவியமும் நிரலும் சந்திக்கும் வேலை: கேம் துறைக்கு வர விரும்பும் மாணவிக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி கேட்டவர் பெங்களூரு இராமமூர்த்தி நகரில் வசிக்கும் மாணவி. கணினி அறிவியல் பொறியியலில் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். பள்ளி நாளிலிருந்தே வரைகிறார், மார்கழியில் வாசலை நிறைக்கும் சிக்குக் கோலம் போடுகிறார், நிரல் எழுதுவதும் அவருக்குப் பிடித்திருக்கிறது. கேம் உருவாக்கும் துறைக்குப் போக வேண்டும் என்பது அவர் விருப்பம். ஓவியம், நிரல் இரண்டில் ஒன்றை விட்டால்தான் வேலை கிடைக்கும் என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வது உண்மையா, இரண்டையும் கேட்கும் வேலை என்று ஏதாவது உண்டா, இதை நம்பி இறங்கலாமா என்று கவலைப்படும் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

நான் 16 ஆண்டுகளாகப் பெங்களூரில் இத்துறையில் இருக்கிறேன். ஓவியம் படித்துவிட்டு, கணினியைத் தூரிகையாக மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தவன். ஐந்தாவது ஆண்டில்தான் நிரலின் பக்கம் நகர்ந்தேன். நீங்கள் எதிர்க் கரையிலிருந்து வருகிறீர்கள். முதல் கேள்விக்கான பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: எதையும் விட வேண்டாம். ஆனால் இரண்டிலும் பாதி பாதி தெரிந்தால் போதும் என்றும் எண்ணிவிட வேண்டாம். ஒன்றில் ஆழமாக ஊன்றி நின்று, மற்றொன்றில் செய்பவரின் சிரமம் புரியும் அளவுக்குக் கைப்பழக்கம் உள்ளவரையே இத்துறை தேடுகிறது. அந்த வேலைக்கு டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட் என்று பெயர்.

ஒரு கேம் ஸ்டூடியோவில் ஓவியர்கள் மாடல்கள் எனப்படும் முப்பரிமாண வடிவங்களையும், அவற்றின்மேல் போர்த்தும் படங்களான டெக்ஸ்சர்களையும், அனிமேஷனையும் உருவாக்குகிறார்கள். புரோகிராமர்கள் அவற்றை இயக்கும் நிரலை எழுதுகிறார்கள். ஓவியர் தந்த கோபுரம் அழகாக இருக்கிறது, ஆனால் அதைத் திரையில் கொண்டுவந்ததும் கைபேசி திணறுகிறது. புரோகிராமர் ‘மாடலைக் குறைத்துக் கொடுங்கள்’ என்கிறார். எதை, எவ்வளவு, எப்படிக் குறைப்பது என்று ஓவியருக்குத் தெரியவில்லை. குறைத்தால் கோபுரம் கோபுரமாகவே இருக்காது என்று அவர் அஞ்சுகிறார். இருவர் சொல்வதும் நியாயமே. அந்த இடத்தில் உட்கார்ந்து, எந்தச் சிற்பம் கண்ணுக்குத் தெரிகிறது, எது தொலைவில் கரைந்துபோகிறது, எதை வடிவமாகச் செதுக்காமல் ஒளியின் சாயலாகவே காட்டிவிடலாம் என்று பார்த்து, கோபுரத்தின் அழகும் கேமின் வேகமும் கெடாமல் தீர்வு காண்பவரே டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட்.

இந்த வேலைக்கு ஓர் அளவுகோல் உண்டு, அது காலம். நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்பட வேண்டுமானால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைப்பது 16.6 மில்லி நொடி; 30 முறை போதுமென்றால் 33.3 மில்லி நொடி. இந்தச் சிறு இடைவெளிக்குள் விரல் தொட்ட இடத்தை அறிவது, பாத்திரங்களை நகர்த்துவது, மோதல்களைக் கணக்கிடுவது, எதிரி என்ன செய்வான் என்று முடிவெடுப்பது, கடைசியில் முழுக் காட்சியையும் வரைவது ஆகிய அனைத்தும் நடந்து முடிய வேண்டும். கைபேசியாக இருந்தால் முழு நேரத்தையும் செலவழிக்கவும் முடியாது. தொடர்ந்து உழைக்கும் சில்லு சூடாகும், சூடானதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், பத்தாவது நிமிடத்தில் கேம் தடுமாறும். எனவே கிடைக்கும் நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் செலவு செய்யத் திட்டமிடுகிறோம். மாதச் சம்பளத்தில் வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை என்று பிரித்து வைக்கும் குடும்பத்தைப் போல, மில்லி நொடிகளைப் பங்கிட்டு, தம் பங்கை மீறாமல் காட்சியை அழகாக்க வேண்டியவர்கள் நாங்கள்.

என் ஐந்தாவது ஆண்டில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். ஒரு கைபேசி கேமில் கோயில் காட்சி ஒன்று வந்தது. தீபாராதனையின்போது எழும் புகையை உருவாக்கும் பொறுப்பு எனக்கு. பாதி ஒளி ஊடுருவும் மெல்லிய படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நாற்பது அடுக்கு வைத்தேன். என் மேசைக் கணினியில் அது கருவறையிலிருந்தே எழுந்து வருவதுபோல் இருந்தது. சோதனைக்காக வைத்திருந்த மலிவான கைபேசியிலோ ஒரு ஃபிரேமுக்கு 50 மில்லி நொடிக்கு மேல் ஆனது. திரையில் படங்கள் விட்டு விட்டு நகர்ந்தன. புரோகிராமர் புகையை எடுத்துவிடச் சொன்னார். புகை இல்லாத தீபாராதனை எனக்குப் பொருளற்றதாகப் பட்டது. காரணம் தெரியாததால் எதிர்த்துப் பேசவும் முடியவில்லை.

காரணத்தை அறிந்துகொள்ள எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. ஒளி ஊடுருவாத சுவர் ஒன்று முன்னால் நின்றால், அதற்குப் பின்னால் இருப்பதை வரைய வேண்டியதில்லை என்று கிராஃபிக்ஸ் சில்லு ஆழத்தை ஒப்பிட்டுத் தள்ளிவிடும். ஊடுருவும் பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது. பின்னால் உள்ள நிறம் தெரிந்தால்தான் முன்னால் உள்ள நிறத்தை அதோடு கலக்க முடியும். ஆகவே நாற்பது அடுக்கு என்றால் அந்த இடத்துப் புள்ளி ஒவ்வொன்றும் நாற்பது முறை வரையப்படுகிறது. இதை ஓவர்டிரா என்பார்கள். புரிந்த பிறகு நான் அடுக்குகளை நான்காகக் குறைத்தேன். ஒழுங்கற்ற திட்டுகள் கொண்ட இரண்டு சிறு டெக்ஸ்சர்களை வெவ்வேறு வேகத்தில் மேல்நோக்கி நகர்த்தி, ஒன்றோடொன்று பெருக்கி, ஓரங்களை மங்கச் செய்யும் சிறிய ஷேடர் ஒன்றை, அதாவது திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தைக் கணக்கிடும் நிரலை, முதன்முதலாக எழுதினேன். முழுக் காட்சியும் 14 மில்லி நொடிக்குள் வந்தது. அதைவிட எனக்கு வியப்பளித்தது, புகை முன்பைவிட உயிரோடு சுருண்டு எழுந்ததுதான். அழகைக் குறைத்துத்தான் வேகத்தைப் பெற முடியும் என்று அதுவரை நம்பியிருந்தேன். அன்று அந்த நம்பிக்கை போனது, என் வேலையும் மாறியது.

கணக்கு எங்கெல்லாம் வருகிறது என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு தருகிறேன். 2048க்கு 2048 புள்ளிகள் கொண்ட ஒரு டெக்ஸ்சரை அப்படியே நினைவகத்தில் வைத்தால், புள்ளிக்கு 4 பைட் வீதம் 16 மெகாபைட் ஆகும். இன்றைய கைபேசிகள் ஏற்கும் ஏ.எஸ்.டி.சி. என்ற சுருக்க முறை படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. கட்டம் எந்த அளவாக இருந்தாலும் அதற்கு 16 பைட்தான். நான்குக்கு நான்கு புள்ளி கொண்ட கட்டம் என்றால் அதே படம் 4 மெகாபைட், எட்டுக்கு எட்டு என்றால் 1 மெகாபைட். ஆனால் எட்டுக்கு எட்டில் பட்டுப் புடவையின் சரிகை ஓரம் குழம்பிவிடும். மண் தரைக்கு அதுவே தாராளம். எந்தப் படத்துக்கு எந்தக் கட்டம் என்று முடிவு செய்யக் கணக்கு மட்டும் போதாது, சரிகை குழம்பியதைப் பார்த்ததும் உறுத்துகிற கண் வேண்டும். அந்தக் கண் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. பல நல்ல புரோகிராமர்களுக்கு அது இல்லை. பழக்கினால் வரக்கூடியதுதான் என்றாலும் ஆண்டுகள் ஆகும்.

உங்கள் கோலத்துக்கு வருகிறேன். கேள்வியில் நீங்கள் அதைப் போகிற போக்கில்தான் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. 1970களில் சென்னையில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களை ஒரு மொழியாகக் கருதி, அவற்றை உண்டாக்கும் இலக்கண விதிகளை ஆராய்ந்தார்கள். கணினி அறிவியலின் முறைசார் மொழிக் கோட்பாட்டில் அந்த ஆய்வுகளுக்கு இடம் உண்டு. சில சிறு வளைவுகள், அவற்றை எப்படி இணைப்பது என்ற விதி, அந்த விதியைப் பலமுறை செயல்படுத்தும் பொறுமை ஆகியவற்றிலிருந்து வாசல் முழுதும் நிறைகிறது. கேம் துறையில் காடுகளையும் நகரங்களையும் குகைகளையும் ஒவ்வொன்றாகக் கையால் வைக்காமல் விதிகளால் விளையச் செய்யும் முறையின் அடிப்படையும் இதுவே. ஹூடினி போன்ற மென்பொருள்களில் நாங்கள் நாள் முழுதும் செய்வது இதைத்தான். புள்ளி வைத்துக் கோடு இழுக்கும்போது, எங்கே திரும்பினால் இழை அறுபடாமல் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் என்று உங்கள் கை யோசிக்கிறதே, அந்த யோசனை நிரலுக்கும் ஓவியத்துக்கும் பொதுவானது.

டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட் என்ற பெயரில் மட்டுமே இந்த வேலை இருப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாத்திரங்களின் எலும்புக் கட்டமைப்பையும் அசைவின் விதிகளையும் பார்ப்பவர் டெக்னிக்கல் அனிமேட்டர். நெருப்பு, மழை, வெடிப்பு ஆகியவற்றைச் செய்பவர் எஃபெக்ட்ஸ் ஆர்ட்டிஸ்ட். மற்ற ஓவியர்களின் அன்றாட வேலையை எளிதாக்கும் கருவிகளை எழுதுபவர் டூல்ஸ் புரோகிராமர். குதித்தால் எவ்வளவு உயரம், அடித்தால் எவ்வளவு அதிர்வு என்று விளையாடும் கைக்கு இதமாக நிரலை இழைப்பவர் கேம்ப்ளே புரோகிராமர். சிறிய ஸ்டூடியோக்களில் இவற்றில் மூன்றை ஒருவரே செய்வார். கருவி எழுதுவதைத் தாழ்வாக எண்ணிவிடாதீர்கள்: முந்நூறு மாடல்களின் பெயர், அளவு, டெக்ஸ்சர் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று ஓர் ஓவியர் இரண்டு நாள் உட்கார்ந்து பார்ப்பதை, பைத்தானில் எழுதிய நூறு வரி நிரல் ஒரு நிமிடத்தில் முடித்துவிடும். அந்த இரண்டு நாளில் அவர் வரைவார். என் வேலைகளிலேயே எனக்கு அதிக நன்றி கிடைத்தவை இத்தகைய சிறு கருவிகள்தாம்.

இனி, நீங்கள் எதில் ஊன்றி நிற்பது? பட்டம் கணினி அறிவியலில் வருவதால் நிரலில் ஊன்றுங்கள் என்பதே என் தெளிவான கருத்து. நிரலில் உறுதியாக நிற்பவர் கூடவே வரைபவராகவும் இருந்தால், தொடக்க நிலையிலேயே அவருக்கு நுழைவாயில்கள் கூடுதல். டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட் பதவிக்குப் புதியவர்களை எடுக்கும் ஸ்டூடியோக்கள் குறைவு. ஓரிரு ஆண்டு கேம்ப்ளே அல்லது டூல்ஸ் புரோகிராமராக இருந்து அங்கே நகர்ந்தவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். அதற்காக ஓவியத்தை விடுமுறை நாள் பொழுதுபோக்காகச் சுருக்கிவிட வேண்டாம். தினமும் முக்கால் மணி நேரம் பார்த்து வரையுங்கள்: அல்சூர் ஏரிக்கரையில் மாலை வெயில் மரத்தண்டில் எப்படி விழுகிறது, மழை நின்றதும் தார்ச்சாலை ஏன் கருத்துப் பளபளக்கிறது, எவர்சில்வர் குடத்தில் வானம் எப்படி வளைகிறது என்பவற்றை வரைந்து பழகியவருக்கு, ஷேடரில் எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்பது விரைவில் பிடிபடும்.

கணிதத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் படித்த வெக்டர்கள், அணிகள், முக்கோணவியல் ஆகியவற்றிலேயே பெரும்பகுதி அடங்கிவிடும். ஆனால் இந்த முறை அவற்றைத் தேர்வுக்காக இல்லாமல் கண்ணால் பார்த்துப் படிக்க வேண்டும். ஒரு சுவர் எந்தப் பக்கம் நோக்கி நிற்கிறது என்பது ஒரு வெக்டர், விளக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்பது இன்னொரு வெக்டர். இரண்டும் ஓரலகு நீளமுள்ளவையாக இருந்தால், அவற்றின் புள்ளிப் பெருக்கல் சுவர் விளக்கை நேராகப் பார்க்கும்போது 1, பக்கவாட்டில் திரும்பும்போது 0. அந்த எண்ணைச் சுவரின் நிறத்தோடு பெருக்கினால் அதுவே ஒளியும் நிழலும். தென்னங்கீற்றின் அசைவுக்கு சைன் சார்பு போதும். கீற்றின் நுனி அதிகமாகவும் அடி குறைவாகவும் அசைய வேண்டும் என்பதை நீங்கள் ஏற்கெனவே தென்னையைப் பார்த்து அறிந்திருக்கிறீர்கள்.

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் மாணவர்கள் மாதக்கணக்கில் நேரத்தை இழக்கிறார்கள். கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளை இன்ஜின் என்பார்கள். யூனிட்டி என்ற இன்ஜினில் எழுதும் மொழி சி ஷார்ப், அன்ரியலில் சி பிளஸ் பிளஸ்ஸும் புளூபிரிண்ட் என்ற காட்சி நிரலும், கோடோவில் ஜி.டி.ஸ்கிரிப்ட். கைபேசி கேம்கள் செய்யும் நம் ஊர் ஸ்டூடியோக்களில் யூனிட்டியைப் பரவலாகக் காணலாம். ஏதேனும் ஒன்றை எடுத்து ஓராண்டு விடாமல் இருங்கள். பிளெண்டர் இலவசம், மாடல், அனிமேஷன், பைத்தான் நிரல் எல்லாவற்றையும் அதில் பழகலாம். ஒரே நிறுவனத்தின் பொத்தான்களை மட்டும் மனப்பாடம் செய்வது ஆபத்து என்பதற்குச் சான்று உண்டு: 2023 செப்டம்பரில் யூனிட்டி, கேம் நிறுவப்படும் எண்ணிக்கையை வைத்துக் கட்டணம் வசூலிக்கப்போவதாக அறிவித்தது, எதிர்ப்பு எழுந்து, மறு ஆண்டு செப்டம்பரில் அதைக் கைவிட்டது. அந்த இடைவெளியில் வேறு இன்ஜினுக்கு மாற முடிவெடுத்தவர்களில், அடிப்படை புரிந்தவர்கள் சில வாரங்களில் மாறினார்கள். கணினிக்காகப் பெரும் கடன் வாங்க வேண்டாம், எஸ்.பி. ரோடில் நம்பகமான கடையில் பழைய கிராஃபிக்ஸ் அட்டையோடு ஒரு மேசைக் கணினி அமைத்துக்கொண்டால் மாணவ நாள்களுக்குப் போதும். கூடவே வீட்டில் யாரும் பயன்படுத்தாத பழைய ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றை எடுத்து வையுங்கள். உங்கள் உண்மையான ஆசிரியர் அதுதான்.

எதைச் செய்து பழகுவது என்பதில் எனக்கு உறுதியான ஒரு பரிந்துரை உண்டு. பெரிய திறந்தவெளி உலகம் ஒன்றைத் தொடங்கி, பாதியில் விட்ட மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். நீங்கள் ஆடுபுலி ஆட்டத்தைச் செய்யுங்கள். பல கோயில்களின் கல் தரையில் இன்னும் செதுக்கப்பட்டிருக்கும் அந்த ஆட்டத்தில் 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலி தாண்டி வெட்டும். ஆடுகள் ஒன்றுசேர்ந்து புலிகளை நகரவிடாமல் அடைக்கும். இரு தரப்புக்கும் வலிமையும் இலக்கும் வேறு வேறாக இருந்தும் ஆட்டம் சமன்பட்டு நிற்பது எப்படி என்பதை ஆராய்வதே கேம் டிசைனில் நல்ல பாடம். எந்தப் புள்ளி எதனோடு இணைகிறது என்பது நீங்கள் படித்த கிராஃப் அமைப்பு. கணினி புலியாக ஆட வேண்டுமானால் சில நகர்வுகள் முன்னோக்கிப் பார்க்கும் மினிமேக்ஸ் தேடல் வேண்டும். அதுவும் உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கும்.

பிறகு ஓவியத்தின் பங்கு தொடங்குகிறது. கல் தரையின் தேய்மானம், அதன்மேல் ஆண்டாண்டாகப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு, மண்டபத் தூண்களுக்கு நடுவே சாய்வாக விழும் வெயில், புலி பாய்ந்ததும் ஒரு கணம் நின்று தரை அதிரும் அந்த அழுத்தம் ஆகிய ஒவ்வொன்றையும் நீங்களே செய்யுங்கள். ஒரு நகர்வு சரியாக ‘உணரப்பட’, கூழாங்கல் கல்லில் படும் ஒலியை எத்தனை மில்லி நொடி முன்பின் நகர்த்த வேண்டும் என்று ஒருநாள் முழுதும் உட்கார்ந்து பாருங்கள். மூன்று மாதத்தில் இது முடியும். முடிந்த சிறிய கேம் ஒன்று, முடியாத பெரிய கேம்கள் பத்தைவிட மதிப்புள்ளது என்பதை வேலைக்கு ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தவனாகச் சொல்கிறேன்.

அந்த கேமில் தமிழ் எழுத்தைக் காட்ட முயலும்போது ஒரு சிக்கலைச் சந்திப்பீர்கள், அதைத் தவிர்க்காமல் எதிர்கொள்ளுங்கள். ‘கெ’ என்ற எழுத்து யூனிகோடில் ககரம் முதலிலும் ஒற்றைக்கொம்பு அடுத்தும் சேமிக்கப்படுகிறது. திரையிலோ கொம்பு முன்னால் வர வேண்டும். ‘கொ’ என்றால் குறி இரண்டாகப் பிரிந்து இரு புறமும் நிற்க வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்ய எழுத்துருவின் விதிகளைப் படிக்கும் ஒரு பகுதி இன்ஜினில் இருக்க வேண்டும். கோடோ 4 இதற்கு ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தைப் பயன்படுத்துகிறது. யூனிட்டியில் பலரும் கையாளும் டெக்ஸ்ட்மெஷ் புரோ இதைத் தானாகச் செய்வதில்லை, அதனால் கொம்புகள் இடம் மாறிக் கிடக்கும் தமிழை எத்தனையோ கேம்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன். இதைச் சரிசெய்யும் சிறு கருவி ஒன்றை நீங்கள் எழுதினால், அது உங்கள் வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவிலும் நிற்கும், நம் மொழிக்கும் பயன்படும். தமிழ் வாழ்க்கை கேமுக்கு உகந்த பொருளா என்ற ஐயம் வேண்டாம்: டொரன்டோவிலுள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை மையமாகக் கொண்டது, சிதைந்த சமையல் குறிப்பேட்டிலிருந்து பதம் கண்டுபிடித்துச் சமைப்பதே அதன் விளையாட்டு. 2024இல் அது பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அறிமுக கேமுக்குத் தரும் விருதைப் பெற்றது.

போர்ட்ஃபோலியோவில் மூன்று வேலைகள் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடக் காணொளி, என்ன சிக்கல் வந்தது, எதை முயன்றீர்கள், எது பலிக்கவில்லை, எந்தக் கைபேசியில் எத்தனை மில்லி நொடி குறைந்தது என்ற விளக்கம் இருக்கட்டும். நேர்காணலுக்கு வந்த ஒருவர் அருமையான கடல் அலை ஒன்றைக் காட்டினார். நுரை ஏன் கரையோரம் மட்டும் வருகிறது என்று கேட்டதற்கு அவரால் விளக்க முடியவில்லை, காணொளி ஒன்றைப் பார்த்து அப்படியே செய்திருந்தார். இன்னொருவர் சாதாரணமான ஒரு குளத்தைக் காட்டி, நீரின் ஆழத்தை எப்படி அளந்தார், எங்கே தவறியது என்று இருபது நிமிடம் ஆர்வத்தோடு சொன்னார். நாங்கள் குளத்தைத்தான் எடுத்தோம். ஜனவரியில் நடைபெறும் குளோபல் கேம் ஜாமில் ஒருமுறை கலந்துகொள்ளுங்கள். அறிமுகமில்லாதவர்களோடு இரண்டு நாளில் ஒன்றைச் செய்து முடிக்கும்போது, ஓவியருக்கும் புரோகிராமருக்கும் நடுவே பேசக் கற்றுக்கொள்வீர்கள். இந்த வேலையில் பாதி அந்தப் பேச்சுத்தான்.

பெங்களூரைப் பொறுத்தவரை, உங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போகும் தூரத்தில் இத்துறை இருக்கிறது என்பது பெரிய வாய்ப்பு. ராஜேஷ் ராவ் 1997இல் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் நாட்டின் முன்னோடி கேம் நிறுவனங்களில் ஒன்று. 2019இல் அதை அமெரிக்க கேம் நிறுவனமான ராக்ஸ்டார் வாங்கித் தன் பெங்களூரு ஸ்டூடியோவோடு இணைத்துக்கொண்டது. இன்னோர் அமெரிக்க கேம் நிறுவனமான ஜிங்கா 2010இல் இங்கே அலுவலகம் திறந்தது. அனிமேஷன், கேம் துறைகளுக்கென்று 2012இலேயே கொள்கை வெளியிட்ட மாநிலம் கர்நாடகம். முதுநிலைப் படிப்பு வேண்டுமென்றால் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைன் இருக்கிறது. இடங்கள் குறைவு, நுழைவுத் தேர்வு உண்டு.

ஆயினும் நிழல் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் உங்கள் அப்பாவின் கேள்விக்கு நான் நேர்மையாகப் பதில் சொன்னவன் ஆகமாட்டேன். இங்குள்ள வேலைகளில் ஒரு பெரும்பகுதி, வெளிநாட்டு நிறுவனங்களின் கேம்களுக்கு மாடலும் அனிமேஷனும் செய்து தரும் சேவைப் பணி. அங்கே வரவுசெலவு குறைந்தால் இங்கே மேசைகள் காலியாகும். 2025 பிப்ரவரியில், திரைப்படங்களுக்குக் காட்சி விளைவுகளும் அனிமேஷனும் செய்துவந்த டெக்னிகலர் குழுமம் நிதி நெருக்கடியில் சரிந்தபோது, பெங்களூரில் இருந்த கலைஞர்கள் பெருந்திரளாக வேலை இழந்தார்கள். அவர்களில் என் நண்பர்களும் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் சட்டத்தால் தடை செய்ததும், அவற்றை நடத்திய நிறுவனங்களில் இருந்தவர்களின் வேலைகளும் போயின. ஆகவே நிறுவனத்தின் பெயரைவிட அது எதனால் பிழைக்கிறது என்பதை முதலில் கேட்டறியுங்கள்.

அப்பாவிடம் சொல்லக்கூடியது இது. பொறியியல் பட்டம் கையில் இருக்கும். நிகழ்நேர கிராஃபிக்ஸ், ஷேடர், கருவி எழுதுதல் ஆகிய திறன்கள் கேமுக்கு வெளியிலும் தேவைப்படுகின்றன: கார்களின் முகப்புத் திரைகள், கட்டடங்களைக் கட்டுமுன் காட்டும் காட்சிகள், மருத்துவ, இராணுவப் பயிற்சிக்கான பாவனைகள் எல்லாம் இதே இன்ஜின்களைக் கொண்டு உருவாகின்றன. படிப்பு முடிந்ததும் ஒன்றரை ஆண்டு என்று கால எல்லை வைத்து முயலுங்கள். அதற்குள் வேலை அமையாவிட்டால் பொதுவான மென்பொருள் வேலையில் சேர்ந்து, மாலைகளில் தொடரலாம். தொடக்கச் சம்பளம் பெரிய மென்பொருள் நிறுவனங்களில் சேரும் உங்கள் தோழிகளைவிடக் குறைவாக இருக்கக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மறைத்தால் பிறகு அதுவே மனத்தாங்கலாக மாறும். இலட்சக்கணக்கில் கட்டணம் கேட்டு ‘வேலை உறுதி’ என்று விளம்பரம் செய்யும் பயிற்சி நிலையங்களுக்குப் பணம் கட்டும் முன், அங்கே படித்து முடித்த மூவரை நீங்களே தேடிப் பேசுங்கள். என் தம்பி முறை உறவினர் ஒருவர் அப்படியொரு நிலையத்தில் ஈராண்டு செலவழித்து, மென்பொருளின் பழைய பதிப்பை மட்டும் கற்றுக்கொண்டு வந்தார். அடைக்க வேண்டிய கடன் இன்னும் இருக்கிறது.

வெளியீட்டுக்கு முந்தைய வாரங்களில் இரவு வெகுநேரம் வேலை நீளும் வழக்கம் இத்துறையில் உண்டு. நேர்காணலின் முடிவில் உங்களிடம் கேள்வி இருக்கிறதா என்று கேட்பார்கள். கடந்த வெளியீட்டின்போது எத்தனை வாரம் அப்படி நீண்டது, இரவு தாமதமானால் வீடு வரை வண்டி ஏற்பாடு உண்டா, பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கச் சட்டப்படி இருக்க வேண்டிய உள் புகார்க் குழு இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். கேட்டதற்காக முகம் சுளிக்கும் இடத்தில் சேர வேண்டாம்.

சொற்களைக் கொடுத்தால் படம் தரும் கருவிகள் வந்துவிட்ட பிறகு இந்த வேலை நிலைக்குமா என்றும் உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். அவை தரும் படம் கேமுக்குள் வர, அது பிரிக்கப்பட்டு, வடிவம் பெற்று, நினைவகத்தில் அடங்கி, அசைந்து, 16.6 மில்லி நொடிக்குள் தன் பங்கை மீறாமல் நிற்க வேண்டும். அந்தப் பகுதியில் எங்களுக்கு வேலை குறைந்ததாக நான் காணவில்லை. வரைவதை மட்டுமே செய்பவர்களின் கவலை உண்மையானது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் வேலையாக ஆடுபுலி ஆட்டத்துக்கும் முன்னால் ஒன்றைச் செய்யுங்கள். உங்கள் வாசலில் போடும் சிக்குக் கோலங்களில் மிகச் சிறிய ஒன்றை, ஐந்து புள்ளி ஐந்து வரிசையில் அடங்குவதை எடுத்து, படமாக ஒட்டாமல் ஷேடரிலேயே எழுதிப் பாருங்கள். திரையின் ஒவ்வொரு புள்ளியும் ‘எனக்கு மிக அருகிலுள்ள இழை எவ்வளவு தொலைவில் இருக்கிறது’ என்று கேட்டு, நெருக்கமாக இருந்தால் வெள்ளை, தொலைவாக இருந்தால் சாணி மெழுகிய தரையின் நிறம் என்று முடிவு செய்யட்டும். விரலிடுக்கிலிருந்து மாவு உதிரும்போது கோட்டின் ஓரம் சீராக இருக்காது. அந்தச் சிறு சிதறலையும் கொண்டுவர முயலுங்கள். பழைய கைபேசியில் அது ஓடத் தொடங்கியதும், ஒரு ஃபிரேமுக்கு எத்தனை மில்லி நொடி ஆகிறது என்று எனக்கு எழுதுங்கள். எங்கே நேரம் போகிறது என்பதை அங்கிருந்து சேர்ந்து பார்க்கலாம்.